குழாயில் வந்த ஆற்றைப் பார்க்கப் போனோம்

எங்கள் தெருக்குழாயில் காவிரி வரும் நாள் ஊருக்கே தெரியும். விடிவதற்கு முன்பே குடங்கள் வந்து வரிசையில் உட்கார்ந்துவிடும். எல்லாம் பிளாஸ்டிக் குடம்தான். யாருடையது என்று அடையாளம் தெரிவதற்காக ஒவ்வொன்றின் கழுத்திலும் பழைய வலைநூலைச் சுற்றி முடிச்சுப் போட்டிருப்பார்கள். குழாயில் முதலில் காற்றுத்தான் சீறும். பிறகு கொஞ்சம் கலங்கல் வரும். அப்புறம் நல்ல தண்ணீர் விழத் தொடங்கியதும், "காவேரி வந்திருச்சு" என்று ஒரு குரல் தெருமுனை வரைக்கும் போகும்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம். காவிரி எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓடவில்லை. திருச்சிப் பக்கம் ஆற்றுப் படுகையில் எடுத்து, கூட்டுக்குடிநீர்த் திட்டத்தின் குழாய் வழியாக இவ்வளவு தூரம் கொண்டுவருகிறார்கள். எங்களுக்கென்று இருக்கும் வைகையோ கடல் வரை வந்து சேர்வது அபூர்வம். வருகிற தண்ணீரை ராமநாதபுரம் பெரிய கண்மாய் வாங்கிக்கொள்ளும். பாம்பனுக்கு இந்தப் பக்கம், தென்கடல் ஓரத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆறு என்றால் குழாய்தான். நானும் இதைப் பெரிதாக யோசித்ததில்லை. ஒரு நாள் பத்தாவது படிக்கும் பெண் ஒருத்தி, நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "அக்கா, காவேரி நேர்ல எப்புடி இருக்கும்? ஓடுமா, நம்ம கடல் மாதிரி ஆடுமா?"

அந்தக் கேள்வியில்தான் எங்கள் பயணம் தொடங்கியது.

ஊரில் நான் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறேன். பள்ளியை முடித்தவர்களும் வந்துகொண்டே இருப்பதால் அது ஓர் இளைஞர் குழுவாகவும் ஆகிவிட்டது. கடற்கரையைச் சுத்தம் செய்வார்கள், சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவார்கள், ஊர்த் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். அவர்களில் 18 பேரை, 15 வயதிலிருந்து 21 வயது வரை, ஆறு பார்க்கக் கூட்டிப்போக வேண்டும் என்று முடிவெடுத்தேன். கரையில் நின்று பார்ப்பது போதாது, ஆற்றின் மேலேயே போக வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். யூடியூபில் ராஃப்டிங் பார்த்திருந்தார்கள். காற்றடைத்த ரப்பர் படகில் ஏழெட்டுப் பேர் துடுப்போடு உட்கார்ந்து, நுரைக்குள் போய் வெளியே வரும் காட்சி. "நம்ம வல்லத்த விடவா பெரிய ஆட்டம்?" என்று, கடலுக்குப் போகும் எங்கள் ஊர் நாட்டுப்படகைச் சொல்லிப் பையன்கள் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

கல்லூரியில் படித்த காலத்தில் எங்கள் ஊரிலிருந்து ஒரு வேன் பிடித்துத் திருச்சிக்குப் போனோம். ஆடிப்பெருக்கு முடிந்த வாரம். காவிரியில் தண்ணீர் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. என் சித்தி மகன், எனக்குத் தம்பி முறை, கூட வந்திருந்தான். ஊரில் நீச்சலில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. வல்லத்திலிருந்து குதித்தால் அடிமண்ணை அள்ளிக்கொண்டுதான் மேலே வருவான். அவன் இடுப்பளவுத் தண்ணீரில் நான்கு எட்டு நடந்தான். ஐந்தாவது எட்டில் காணோம். மணல் அள்ளிய பள்ளம். மேலே வந்தான், கையை வீசினான், மறுபடி போனான், அதற்குள் இருபதடி தள்ளிப் போயிருந்தான். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பாய்ந்து, அவன் தலைமுடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டார். வேனில் திரும்பும்போது அவன் ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்: "தூக்கலக்கா. தண்ணி தூக்கவே இல்ல."

அவன் சொன்னது உண்மை. கடல்நீர் ஒரு லிட்டர் சுமார் 1,025 கிராம் எடை இருக்கும். ஆற்றுநீர் 1,000 கிராம். இருபத்தைந்து கிராம்தானே என்று தோன்றும். ஆனால் பிறந்ததிலிருந்து உப்புத் தண்ணீரில் மிதந்து பழகிய உடம்பு, அந்த இருபத்தைந்து கிராமை நம்பித்தான் மூச்சு விடுகிறது. இன்னொன்றும் உண்டு. கடல் அலை நம்மை இழுத்தால் பெரும்பாலும் திருப்பிக் கொண்டுவந்து போடும். ஆறு கொண்டுபோனால் கொண்டுபோனதுதான். கடற்கரைப் பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப்போவதில் எனக்கு இருந்த பயம் அவர்களுக்கு நீச்சல் தெரியாது என்பதல்ல. நீச்சல் தெரியும் என்று அவர்கள் நினைப்பதுதான்.

முதலில் எந்த ஆறு என்று பார்த்தோம். ரிஷிகேஷ்தான் எல்லோருக்கும் தெரிந்த பெயர். சிவபுரியிலிருந்து ரிஷிகேஷ் வரைக்கும் கங்கையில் 16 கிலோமீட்டர் போவார்கள். போகவே ரயிலில் மூன்று நாள், செலவும் தாங்காது. அடுத்தது கர்நாடகாவில் தாண்டேலி, காளி ஆறு. அங்கே மேலே சூபா அணை இருக்கிறது. மின்சாரம் எடுக்கத் தண்ணீர் விடும்போதுதான் ராஃப்ட் ஓடும். ஒகேனக்கல் பரிசலும் பேச்சில் வந்தது. ஆனால் பரிசலில் ஓட்டுபவர் ஓட்ட, நாம் உட்கார்ந்து வரவேண்டியதுதான். பிள்ளைகள் தாங்களே துடுப்புப் போட வேண்டும் என்றார்கள்.

ஆற்றின் ஓட்டம் படகுக்கு எவ்வளவு கடினம் என்பதை உலகம் முழுக்க 1 முதல் 6 வரை எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். 1 என்றால் லேசான சலசலப்பு. 3 என்றால் நிலையில்லாத அலை, துடுப்புக்கு வேலை உண்டு. 5 தேர்ந்தவர்களுக்கு மட்டும். 6 உயிரைப் பணயம் வைப்பது. முதல் தடவை போகும் பிள்ளைகளுக்கு 1, 2-க்கு மேல் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். மரமும் பாறையும் தண்ணீரும் நிதானமாகக் கண்ணில் படும்படி போக வேண்டும். கத்திக்கொண்டே கண்ணை மூடிக்கொள்வதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். அப்படித் தேடியபோதுதான் குடகில் இருக்கும் துபாரே கண்ணில் பட்டது. குஷால்நகர் பக்கம், காட்டுக்கும் காப்பித் தோட்டத்துக்கும் நடுவில் சுமார் 7 கிலோமீட்டர் ராஃப்டிங். ஆறு காவிரி.

அந்தப் பெயரைச் சொன்னதும் அறையில் சத்தம் அடங்கிவிட்டது. "நம்ம குழாய்க் காவேரியா?" என்று அந்தப் பெண் கேட்டாள். கரும்பலகையில் வரைந்து காட்டினேன். தலைக்காவிரி, பாகமண்டலா, துபாரே, கிருஷ்ணராஜ சாகர், ஒகேனக்கல், மேட்டூர், கரூர், திருச்சி, அங்கிருந்து ஒரு குழாய். குழாயின் முனையில் ஒரு குடம் வரைந்தேன். வேறு ஆறு எதையும் அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

சரி, எப்போது போவது? இதில்தான் நாள் போனது. பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அதனால் அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள். ஆனால் வீட்டில் பணம் இருக்காது, துபாரேயில் தண்ணீரும் இருக்காது. கோடையில் அங்கே பாறை மேல் கால்வைத்தே அக்கரைக்கு நடந்து போய்விடலாமாம். ஜூலை, ஆகஸ்டில் தென்மேற்குப் பருவமழை. துபாரேக்கு மேலே காவிரியில் பெரிய அணை எதுவும் கிடையாது. மலையில் பெய்வது அப்படியே இறங்கும். வெள்ளம் வந்தால் மாவட்ட நிர்வாகம் ராஃப்டிங்கை நிறுத்திவிடும். எங்களுக்குக் கிடைத்த இடைவெளி காலாண்டுத் தேர்வு விடுமுறைதான். மழை ஓய்ந்து, ஆறு இன்னும் வற்றாமல் இருக்கும் நேரம். அதே வாரம் மைசூரில் தசரா. அறை கிடைக்காது, கிடைத்தாலும் கட்டுப்படியாகாது. ஆகவே மைசூரில் தங்காமல் நேராகக் குஷால்நகர் போய்விடுவது என்று முடிவு செய்தோம்.

தொலைபேசியில் நான்கைந்து ராஃப்டிங்காரர்களிடம் பேசினேன். கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். ஒரு ராஃப்டில் எத்தனை பேர்? ஹெல்மெட் உண்டா? லைஃப் ஜாக்கெட் எல்லா அளவிலும் இருக்கிறதா? கைடுக்கு முதலுதவி தெரியுமா? எறிகயிறு, அதாவது தண்ணீரில் விழுந்தவரை நோக்கி எறியும் கயிறு, வைத்திருப்பாரா? தண்ணீர் எந்த அளவுக்கு வந்தால் நிறுத்துவீர்கள், நிறுத்தினால் பணம் திரும்ப வருமா? ஒருவர், "பத்துப் பன்னிரண்டு பேர்கூட ஏறலாம் மேடம், ஒன்னும் ஆகாது" என்றார். அவர் பெயரை அங்கேயே அடித்துவிட்டேன். இன்னொருவர் என்னைத் திருப்பிக் கேட்டார்: "பசங்களுக்கு உடம்புல ஏதாவது பிரச்சினை இருக்கா? கண்ணாடி போடறவங்க எத்தனை பேரு? நீங்க எத்தனை பெரியவங்க வர்றீங்க?" கேள்வி கேட்கிற ஆளைத்தான் நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது. அவரையே பிடித்துக்கொண்டோம்.

பெற்றோரைக் கூட்டிய ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்க மாட்டேன். ஒப்புதல் கடிதத்தைத் தமிழில் எழுதியிருந்தேன். 'முழுச் சம்மதத்துடன் அனுப்புகிறேன்' என்ற ஒற்றை வரியில் கையெழுத்து வாங்குவது எனக்குப் பிடிக்காது. என்ன ஆபத்து, அதற்கு நாங்கள் என்ன செய்வோம், எங்கே தங்குவோம், பெண் பிள்ளைகளோடு எந்த இரண்டு பெண்கள் இருப்பார்கள், பக்கத்தில் ஆஸ்பத்திரி எங்கே என்று இரண்டு பக்கம் எழுதி, படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சத்தமாக வாசித்தேன். கேள்விகள் வந்தன. "கர்நாடகாவா? தண்ணிப் பிரச்சினைன்னா நம்ம வண்டிய மறிப்பாங்களே?" என்றார் ஒரு அப்பா. 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர். அவர் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. நம் ஊர் வேனை எடுக்காமல் ரயிலில் மைசூர் வரைக்கும், அங்கிருந்து அந்த ஊர் வண்டியில் போவது என்பதை அந்த இடத்தில்தான் முடிவு செய்தோம்.

அப்புறம் ஓர் அம்மா எழுந்தார். குடத்தோடு கேள்வி கேட்ட பெண்ணின் அம்மா. தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுப்பவர். விரல்களில் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் போடும் வேலை. இருபது வருடமாகச் செய்கிறார். விரல் நுனிகள் எல்லாம் காய்த்து, வெடித்து இருக்கும்.

"டீச்சரு, ஆத்துக்கு அடியில என்ன கெடக்கு? மணலா, சகதியா?"

"பாறையும் கல்லும்தாம்மா."

"அப்ப காலு மாட்டும்."

கூட்டம் அமைதியானது. அவர் உட்காரவில்லை.

"பார்ல, கடலுக்குள்ள இருக்கற பாறைத் திட்டுல, எனக்கு ஒருதடவ மாட்டியிருக்கு. ரெண்டு கல்லுக்கு நடுவுல. அலை திரும்புறப்ப தண்ணி தளந்துச்சு, காலு கழண்டுச்சு. ஆத்துத் தண்ணி திரும்பாதே? தள்ளிக்கிட்டே இருக்குமே?"

ராஃப்டிங் பற்றி நான் வாரக்கணக்கில் படித்திருந்தேன். ராஃப்டிலிருந்து விழுந்தால் ஆற்றில் எழுந்து நிற்கக் கூடாது என்பது எல்லாப் பாதுகாப்புக் குறிப்பிலும் இருக்கும் விதி. முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று காலை ஊன்றினால் பாதம் பாறை இடுக்கில் மாட்டும். பின்னாலிருந்து தண்ணீர் தள்ளும், உடம்பு முன்னால் சாயும், தலை நீருக்குள் போகும். படித்தபோது அது எனக்குப் பத்து விதிகளில் ஒன்று. அந்த அம்மா கேட்ட பிறகுதான் அது முதல் விதி என்று தெரிந்தது. எந்த ஆற்றையும் பார்க்காமலே, தன் காலை வைத்தே அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். விழுந்தால் மல்லாந்து படுக்க வேண்டும், கால்கள் நீரோட்டம் போகும் பக்கம் பார்த்து, கட்டைவிரல்கள் தண்ணீருக்கு மேலே தெரிய, முட்டியை லேசாக மடக்கி. பாறை வந்தால் பாதம் முதலில் படும், தலை படாது. இதைச் சொன்னதும் அவர் மகளைப் பார்த்து, "கேட்டியா? காலு ஊனாத" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஒன்றரை மாதம் பயிற்சி நடந்தது. கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய வத்தை என்ற சின்னப் படகின் மேல் இரண்டு பக்கமும் பிள்ளைகள் உட்கார, மூங்கில் கழிதான் துடுப்பு. பையன்களுக்கு முதல் நாளே சந்தேகம் வந்துவிட்டது. "இன்ஜின் இல்ல, சரி. சுக்கான் எங்க?" சுக்கான் கிடையாது, பின்னால் உட்காரும் கைடின் துடுப்பும் உங்கள் துடுப்பும்தான் சுக்கான் என்றேன். "நங்கூரம்?" அதுவும் கிடையாது. அப்போதுதான் அவர்கள் முகம் மாறியது. நினைத்த இடத்தில் நிறுத்த முடியாத படகு என்பது கடல்காரப் பிள்ளைகளுக்குப் புதுசு. கைடு முன்னே என்றால் எட்டுப் பேரும் ஒன்றாகப் போட வேண்டும், நிறுத்து என்றால் ஒன்றாக நிறுத்த வேண்டும். ஃபார்வர்ட், பேக்வர்ட், ஸ்டாப், ஹோல்ட் ஆன், கெட் டவுன் என்ற ஐந்து வார்த்தைகளையும் தரையில் சாக்பீஸால் எழுதிப் போட்டோம். துடுப்பின் மேல்முனைப் பிடியை ஒரு கை எப்போதும் மூடியிருக்க வேண்டும். அதை விட்டால் அடுத்தவர் பல்லில்தான் இடிக்கும்.

சில விஷயங்களை நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எறிகயிற்றைப் பற்றிச் சொன்னபோது, கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்று நான் முடிப்பதற்குள் ஒரு பையன், "வலை விடுறப்ப கயித்த கால்ல சுத்த விடக்கூடாதுல்ல, அதே மாதிரிதான்" என்றான். அவன் மாமா அப்படிக் கடலுக்குள் இழுபட்டு மீண்டவர். தண்ணீரைப் படிப்பதும் அப்படித்தான். ஆற்றில் போகும்போது நுரை ஆப்பு வடிவில் தெரியும். ஆப்பின் கூர்முனை நம்மைப் பார்த்திருந்தால் அங்கே பாறை. கூர்முனை நமக்கு எதிர்ப்பக்கம், ஓட்டம் போகும் திசையில் இருந்தால் இரண்டு பாறைக்கு நடுவே வழி. படம் வரைந்ததும், "முதல்ல இருக்கறது பார் மேல தண்ணி ஒடையுற மாதிரி" என்றார்கள். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் என்று பார்த்து வலை இறக்கும் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குத் தண்ணீரின் மொழி தெரியும். ஆறு பேசும் விதம்தான் வேறு.

நிஜத் துடுப்பும் நிஜ லைஃப் ஜாக்கெட்டும் வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை காரங்காட்டுக்குப் போனோம். தொண்டிப் பக்கம், அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகுச் சவாரி நடத்துகிறது, கயாக்கும் உண்டு. இருபக்கமும் வேர்கள் ஊசி ஊசியாகச் சேற்றில் நிற்க, நடுவில் கண்ணாடி மாதிரி அசையாத நீர். லைஃப் ஜாக்கெட்டின் எல்லாப் பட்டையையும் இறுக்கிய பிறகு, ஒருவர் தோள்பட்டையை இன்னொருவர் மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். காது வரைக்கும் ஏறினால் அது தளர்வு. தண்ணீரில் தலைக்கு மேல் கழன்றுவிடும். ஏழு பெண்களில் ஐந்து பேருக்கு முதல் தடவை கழன்றது. எங்கள் கரையில் பையன்கள் ஐந்து வயதில் கடலில் குதிப்பார்கள், பெண் பிள்ளைகள் கரையில் நின்று பார்ப்பார்கள். பாசி எடுக்கும் வீட்டுப் பெண்கள் மட்டும்தான் விதிவிலக்கு. அன்றைக்கு மாலை, கயாக்கை விட்டு இறங்க மனமில்லாமல் அந்த ஏழு பேரும் இன்னொரு சுற்று கேட்டு நின்றதைப் பார்த்தபோது, குடகு போகாமல் இத்தோடு திரும்பியிருந்தாலும் எனக்கு நிறைவாகத்தான் இருந்திருக்கும்.

எழுதக் கஷ்டமான ஒன்றும் இருக்கிறது. குழுவில் ஒரு பையனுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிடுகிறான், ஒரு வருடமாக வரவில்லை. இந்தப் பயணத்துக்காக வைத்த உண்டியலில் முதலில் பணம் போடத் தொடங்கியவனும் அவன்தான். அவனைப் பார்க்கும் மருத்துவரிடம் நானே கூடப் போனேன். ராஃப்டில் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். தண்ணீருக்குள் வந்தால் யாராலும் கையாள முடியாது. திரும்பும் பேருந்தில் அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். நான் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? மறுநாள் அவனே மையத்துக்கு வந்து, "கரையில ஒரு ஆள் வேணும்லக்கா" என்றான். வேண்டும், உண்மையிலேயே வேண்டும். ராஃப்ட் புறப்படும் இடத்தில் ஏறுபவர்களை எண்ணி, வண்டியில் முடியும் இடத்துக்குப் போய் இறங்குபவர்களை எண்ண ஒரு பொறுப்பான ஆள். எல்லோருடைய போன், கண்ணாடி, மருந்து, மாற்றுடை, வீட்டு எண்கள் அவனிடம். அந்த வேலையை ஒரு பெரியவருக்கு ஒதுக்கியிருந்தேன். அவனுக்கு மாற்றிக் கொடுத்து, பெரியவரை அவனுக்குத் துணையாகப் போட்டேன். பேருக்குக் கொடுத்த வேலையாக அது இருக்கக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

பணத்துக்கு வாராவாரம் உண்டியல். முடியாத வீட்டுக்கு மற்றவர்கள் சேர்த்துப் போட்டார்கள், யாருக்கு என்று எனக்கும் இன்னொருவருக்கும் மட்டும் தெரியும். மதுரையிலிருந்து மைசூர் போகும் தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் 60 நாளுக்கு முன்னால் முன்பதிவு திறந்த காலையிலேயே 22 இடமும் பிடித்தோம். 18 பிள்ளைகள், 4 பெரியவர்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் இழுக்கும். துப்பட்டா வேண்டாம். கொலுசு, சங்கிலி வீட்டில் இருக்கட்டும். ஹவாய்ச் செருப்பு கூடாது, பின்பக்கம் பட்டை வைத்தது வேண்டும். மாதவிலக்கு நாள் வந்தால் தயங்காமல் அக்காமார்களிடம் சொல்ல வேண்டும், விரும்பினால் வரலாம், வேண்டாம் என்றால் கரையில் இருக்கலாம், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். இதைப் பையன்களும் இருக்கும்போதே சொன்னேன்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் கடைசியாக ஒன்று சொன்னேன். அங்கே போன பிறகு தண்ணீர் அதிகம் என்று நிறுத்தினால் நிறுத்தினதுதான், யாரும் முகத்தைத் தூக்கி வைக்கக் கூடாது. "தெரியும்க்கா, டோக்கன் குடுக்கலைன்னா கடலுக்குப் போறதில்லைல்ல" என்றார்கள். காற்று எச்சரிக்கை வந்தால் மீன்துறை டோக்கன் கொடுக்காது. அப்பாக்கள் வலையைத் தைத்துக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். காத்திருப்பது எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியேதான் நடந்தது. நாங்கள் போய் இறங்கிய இரவு மலையில் மழை. காலையில் ஆறு செம்மண் நிறத்தில், கரை மரங்களின் இடுப்பைத் தொட்டு ஓடியது. ராஃப்டிங் இல்லை என்றார்கள். பிள்ளைகள் கரையில் வரிசையாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் அதைப் பார்த்தார்கள். குடத்தோடு கேள்வி கேட்ட பெண் என் பக்கம் திரும்பி, "ஓடுதுக்கா" என்றாள். அன்றைக்கு பைலகுப்பேயில் திபெத்தியர்களின் பொற்கோயிலையும், நிசர்கதாமாவின் மூங்கில் காட்டையும் பார்த்தோம். துபாரே முகாமின் யானைகள் சில தசராவுக்கு மைசூர் போயிருந்தன.

மாற்று நாள் ஒன்றைத் திட்டத்திலேயே வைத்திருந்ததால் மறுநாளும் கையில் இருந்தது. தண்ணீர் இறங்கியது, மதியத்துக்கு மேல் அனுமதி கிடைத்தது. மூன்று ராஃப்ட், இரண்டில் ஏழு பேர், ஒன்றில் ஆறு பேர், கைடு தனி. கரையில் நின்ற பையன் ஒவ்வொரு தோள்பட்டையையும் தானே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றினான். இரண்டு பேரை நிறுத்திப் பட்டையை மறுபடி இறுக்கினான்.

முதல் சலசலப்பில் எல்லோரும் கத்தினார்கள். அதற்குப் பிறகு யாரும் கத்தவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். இரண்டு பக்கமும் மரங்கள் தண்ணீர் மேல் சாய்ந்திருந்தன, நடுநடுவே மரம் முளைத்த பாறைத் தீவுகள். நீர்க்காகம் ஒன்று பாறையில் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. "நம்ம ஊர்ப் பறவ" என்று ஒருவன் மெதுவாகச் சொன்னான். முதல் நாள் சிரித்த பையன்களில் ஒருவன், முன்னால் நுரை ஆப்பைப் பார்த்து, "முனை நம்மளப் பாக்குது, பாறை" என்று கைடுக்கு முந்திச் சொன்னான். கைடுக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ராஃப்டை இடது பக்கம் திருப்பினார்.

ஆழமான, நிதானமான ஓர் இடத்தில், விருப்பம் உள்ளவர்கள் ராஃப்டின் பக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி மிதக்கலாம் என்றார் கைடு. பாசி எடுக்கும் அம்மாவின் மகள்தான் முதலில் இறங்கினாள். தண்ணீரின் குளிரில் மூச்சு ஒரு கணம் நின்று, மறுபடி வந்தது. மல்லாந்து படுத்தாள். இரண்டு பெருவிரல்களும் தண்ணீருக்கு மேலே வந்து நின்றன. ஒரு கை மட்டும் கயிற்றில். காது நீருக்குள் இருந்ததால் நாங்கள் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. உதட்டில் பட்ட தண்ணீரை நக்கிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் கேமராவில் பிடிக்கவில்லை, போன் கரையில் இருந்தது.

முடியும் இடத்தில் பையன் தாளோடு நின்றிருந்தான். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எண்ணி, இருபது வந்ததும்தான் முகம் தெளிந்தான். துண்டுகளைக் கொடுத்துவிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் படிக்கட்டில் இறங்கிக் காவிரியில் முழங்கை வரைக்கும் கையை விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

ஊர் வந்து சேர்ந்தபோது விடியற்காலை. பேருந்து நிறுத்தத்துக்கு அந்த அம்மா வந்திருந்தார். கையில் பாசி எடுக்கப் போகும் பை, அன்றைக்குத் தொழிலுக்குப் போகும் நாள். மகளிடம் நல்லா இருந்துச்சா என்று கேட்கவில்லை.

"அடி தெரிஞ்சுதா?"

"தெரியலம்மா, கலங்கலா இருந்துச்சு."

"காலு ஊனுனியா?"

"ஊனல."

சரி என்று தலையை ஆட்டிவிட்டு, வீட்டுச் சாவியை மகள் கையில் கொடுத்து, இன்றைக்குத் தண்ணீர் வரும், குடத்தை எடுத்து வை என்று சொல்லிவிட்டுக் கரைப் பக்கம் நடந்தார்.